மாலத்தீவின் வெள்ளை மணலைத் தயாரிப்பது ஒரு மீனா? பவளப்பாறையைக் கடித்துத் தின்னும் ‘கிளி மீன்’ பற்றித் தெரியுமா?

மாலத்தீவுக்கு ஹனிமூன் போய்விட்டு வந்தவர்களின் போட்டோக்களைப் பார்த்திருப்பீங்க. நீலக் கடல், சாய்ந்த தென்னை மரம், காலுக்குக் கீழே மாவு மாதிரி வெள்ளை மணல். ‘சொர்க்கம்’னு கேப்ஷன் வேறு இருக்கும்.

அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ‘கடல் கொண்டு வந்து போட்டது’ என்போம். அது பாதிதான் சரி. கரையில் கொண்டு வந்து சேர்த்தது கடல்தான். ஆனால், அதில் பெரும்பங்கை அரைத்துக் கொடுத்தது ஒரு மீன். இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், அந்த மீனின் கழிவுதான் அந்த மணல்.

முகம் சுளிக்க வேண்டாம். இந்த மீன் வயிறாரச் சாப்பிட்டால்தான் பவளப்பாறைக்கும் நல்லது, அதை நம்பியிருக்கும் தீவுக்கும் நல்லது. அதே மீன் நம்ம ராமநாதபுரம், தூத்துக்குடி கடலிலும் இருக்கிறது. யார் இந்தக் கிளி மீன்? அது இல்லாமல் போனால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

கிளி மீன் என்ற பெயர் ஏன்?

இரண்டு காரணங்கள். ஒன்று, நிறம். பச்சை, நீலம், ரோஸ், மஞ்சள் என்று பெயின்ட் டப்பாவுக்குள் விழுந்து எழுந்த மாதிரி இருக்கும். இரண்டாவது, வாய். இதன் பற்கள் தனித்தனியாக இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கிளியின் அலகு போலவே வளைந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

உலகம் முழுவதும் இதில் 90-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. வெப்பமண்டலக் கடல்களில், வெளிச்சம் நன்றாக இறங்கும் ஆழம் குறைந்த பவளப்பாறைகள்தான் இவற்றின் முக்கிய வீடு. சில இனங்கள் கடல் புல்வெளிகளிலும் பாறைக் கரைகளிலும் திரியும். இந்தியப் பெருங்கடலும் பசிபிக் பெருங்கடலும்தான் இவை அதிகம் வாழும் இடங்கள்.

பெரும்பாலானவை ஒன்றிரண்டு அடி நீளம். ஆனால், இந்தக் குடும்பத்தில் ஒரு பெரியண்ணனும் உண்டு. நெற்றியில் பெரிய புடைப்புடன் இருக்கும் ‘பம்ப்ஹெட்’ கிளி மீன் 4 அடிக்கு மேல் வளரும், எடை 40 கிலோவைத் தாண்டும். ஆண் மீன்கள் கிடா சண்டை மாதிரி தலையோடு தலை மோதிக்கொள்வதை விஞ்ஞானிகள் படம்பிடித்திருக்கிறார்கள்.

அது பல்லா, உளியா?

பவளப்பாறை என்பது பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும், அடிப்படையில் சுண்ணாம்புக்கல். அதை ஒரு மீன் எப்படிக் கடிக்கும்? நாம் கடித்தால் பல் டாக்டரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

கிளி மீனின் வாயில் ஏறக்குறைய 15 வரிசைகளில் சுமார் 1,000 பற்கள் இருக்கின்றன. முன்வரிசைப் பற்கள் தேய்ந்து உதிர, பின்னால் இருக்கும் வரிசை முன்னே வந்துவிடும். ஆயுள் முழுக்க புதுப் பல்தான்.

அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் இந்தப் பல்லை எக்ஸ்-ரே கதிர்களால் ஆராய்ந்து 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பல்லில் இருக்கும் நுண்ணிய படிக இழைகள், நெய்த துணியைப் போல ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தன. ஒரு சதுர அங்குலத்துக்கு 530 டன் அழுத்தத்தைத் தாங்கும் என்று கணக்கிட்டார்கள். 88 யானைகளை ஒரு சதுர அங்குலத்தில் நிறுத்தினால் வரும் எடை அது! தாமிரம், வெள்ளி, தங்கத்தைவிடக் கடினமான பல் இது.

மணல் எப்படி உருவாகிறது?

வாயில் கடித்தது முதல் வேலை. தொண்டைக்குள் இன்னொரு செட் பல் இருக்கிறது. நம்ம ஊர் அம்மி, குழவி மாதிரி மேலும் கீழுமாக அமைந்திருக்கும். கடித்த பாறைத்துண்டு அங்கே நைசாக அரைபடும்.

அடுத்த ஆச்சரியம், கிளி மீனுக்கு இரைப்பையே கிடையாது. அரைத்த மாவு நேராக நீண்ட குடலுக்குள் போகும். அதில் இருக்கும் சத்தை மட்டும் உடல் எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் சுண்ணாம்புத் தூள், வெள்ளைப் புகை மாதிரி பின்பக்கமாக வெளியேறும். அதுதான் மணல்.

இது இன்று நேற்று கண்டுபிடித்த விஷயமல்ல. பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வின், 1836 ஏப்ரலில் பீகிள் கப்பலில் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளுக்கு வந்தபோது இந்த மீன்களைப் பார்த்தார். சிலவற்றின் வயிற்றைக் கீறிப் பார்த்தால், குடல் முழுக்க மஞ்சள் கலந்த சுண்ணாம்பு மணல் சேறு. பவளத்தைத் தின்று மணலாக்கும் மீன் என்று அப்போதே எழுதி வைத்தார்.

ஒரு மீன் எவ்வளவு மணலைத் தரும்? அது இனத்தையும் உடல் அளவையும் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் நடந்த ஆய்வுகளில், சிறிய இனம் ஒன்று ஆண்டுக்கு 20 கிலோ சொச்சம்தான் பாறையைச் சுரண்டியது. பெரிய இனம் ஒன்று சுமார் 1,000 கிலோ. பம்ப்ஹெட் கிளி மீனுக்கு வந்த கணக்கு 5 டன்னுக்கும் மேல். ஒரே மீன், ஒரே ஆண்டில்!

மாலத்தீவின் வக்காரு என்ற தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறையில் பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வின்படி, அங்கே ஆண்டுதோறும் புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளி மீன்கள் தந்தது. மீதியில் பெரும்பகுதி, உடம்பில் சுண்ணாம்பு சேர்த்துக்கொள்ளும் ஒருவகைக் கடல்பாசி உதிர்வதால் கிடைத்தது.

அப்போ மெரினா மணலும் மீன் போட்டதா என்று கேட்காதீங்க. நம்ம மெரினா மணல் வேறு ரகம். மலைப்பாறைகள் உடைந்து, ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்து சேர்ந்த மணல் அது. ஆறே இல்லாத பவளத் தீவுகளில்தான் கிளி மீனின் வேலை இவ்வளவு முக்கியமாகிறது.

எவ்வளவு முக்கியம்? மாலத்தீவின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதம், கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கும் கீழேதான் இருக்கிறது. அலை ஒரு பக்கம் மணலை அரித்துக்கொண்டே போகும். இன்னொரு பக்கம் புது மணல் வந்துகொண்டே இருந்தால்தான் தீவு நிற்கும்.

பவளத்தைத் தின்பது எப்படி நன்மையாகும்?

நியாயமான கேள்வி. பாறையைத் தின்னும் மீன், பாறைக்கு நண்பனா?

கிளி மீன்களில் பெரும்பாலானவை உயிருள்ள பவளத்தைத் தேடித் தின்பதில்லை. இறந்துபோன பவளத்தின் மேல் படரும் பாசியும், அந்தப் பாறைக்குள்ளே ஒளிந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகளும்தான் அவற்றின் இலக்கு. அதை எடுக்கப் பாறையையும் சேர்த்துச் சுரண்ட வேண்டியிருக்கிறது. பம்ப்ஹெட் மாதிரி சில இனங்கள் மட்டும் உயிருள்ள பவளத்தையும் கணிசமாகத் தின்னும்.

இப்போது பவளத்தின் பக்கம் வருவோம். பவளம் என்பது மிகச் சிறிய உயிரிகளின் கூட்டம். அவற்றின் குஞ்சுகள் கடலில் மிதந்து வந்து, சுத்தமான ஒரு பாறைப்பரப்பைத் தேடி ஒட்டிக்கொள்ளும். பவளம் மெதுவாக வளரும். பல இனங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். பாசி அப்படியல்ல, சில வாரங்களிலேயே இடத்தைப் பிடித்துவிடும்.

பராமரிக்காத வயலில் களை மண்டுவது போல, மேய்வதற்கு ஆள் இல்லாத பாறையில் பாசி மண்டிவிடும். பவளக்குஞ்சு ஒட்ட இடம் இருக்காது. ஏற்கெனவே இருக்கும் பவளத்துக்கும் வெளிச்சம் கிடைக்காது. கிளி மீன் செய்வது அந்தக் களையெடுப்பு வேலைதான். ஒரு இடத்தை அது சுரண்டிவிட்டுப் போனால், அங்கே புதுப் பவளம் குடியேற ஒரு வாய்ப்பு பிறக்கிறது.

பெண்ணாக வாழ்ந்து, ஆணாக மாறும்!

கிளி மீனின் வாழ்க்கையில் இன்னொரு திருப்பமும் இருக்கிறது. பல இனங்களில் பெரும்பாலான மீன்கள் பெண்ணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. அப்போது நிறம் பழுப்பு, சாம்பல், மங்கிய சிவப்பு என்று சாதாரணமாக இருக்கும். வளர்ந்த பிறகு அவற்றில் சில ஆணாக மாறிவிடும். நாம் போட்டோவில் பார்த்து வியக்கும் பளீர் பச்சையும் நீலமும் பெரும்பாலும் அந்தப் பெரிய ஆண்களுடையது.

சில இனங்களில் ஒரு பெரிய ஆணும் பல பெண்களும் சேர்ந்து ஒரு கூட்டமாக இருக்கும். அந்த ஆண் இறந்துவிட்டால், பெண்களில் பெரியது ஆணாக மாறி அந்த இடத்துக்கு வந்துவிடும்.

ஒரே மீன் வயதுக்கு ஏற்ப நிறம் மாறுவதால், பழைய கால ஆய்வாளர்கள் ரொம்பவே குழம்பிப் போனார்கள். ஒரே இனத்தின் பெண்ணுக்கு ஒரு பெயர், ஆணுக்கு ஒரு பெயர், குஞ்சுக்கு இன்னொரு பெயர் என்று வைத்துவிட்டார்கள். பின்னால்தான் பல பெயர்களை ஒன்றாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

இதில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. மீன் பிடிப்பவர் கண்ணில் முதலில் படுவது பெரிய, பளபளப்பான மீன்தான். அதாவது ஆண். பெரிய மீன்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே போனால், ஆண்களின் எண்ணிக்கை குறையும். அதிகம் சுரண்டும் பெரிய வாய்களும் அதோடு போய்விடும்.

தூங்கும்போது கொசுவலை

பகலெல்லாம் மேய்ந்துவிட்டு, இருட்டியதும் கிளி மீன் பாறை இடுக்கில் போய்ப் படுத்துவிடும். சில இனங்கள் தூங்கும் முன் வாய்ப்பகுதியிலிருந்து கண்ணாடி மாதிரி தெளிந்த ஒரு கோழையைச் சுரந்து, உடம்பைச் சுற்றிலும் ஒரு கூடு கட்டிக்கொள்ளும். காலையில் எழுந்ததும் அதிலிருந்து வெளியே வந்துவிடும்.

எதற்காக இந்தக் கூடு? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு விடை சொன்னார்கள். கடலில் இரவு நேரத்தில் மீனின் ரத்தத்தை உறிஞ்சும் குட்டி ஒட்டுண்ணிகள் உண்டு. தூங்கும் மீனைத் தொந்தரவு செய்யாமல் கூட்டை மட்டும் அகற்றிப் பார்த்தபோது, அந்த மீன்களில் பெரும்பாலானவற்றை ஒட்டுண்ணிகள் கடித்திருந்தன. கூடு இருந்த மீன்களில் மிகச் சிலவற்றுக்கே கடி. ஆக, இது கிளி மீனின் கொசுவலை.

ஒட்டுண்ணியைத் தடுக்கும் இந்த வலை, மனிதனைத் தடுக்காது. அசையாமல் தூங்கும் மீனை டார்ச் லைட்டும் ஈட்டியும் வைத்து எடுப்பது சுலபம். பசிபிக் தீவுகள் பலவற்றில் கிளி மீன் குறைந்ததற்கு இந்த இரவு வேட்டை ஒரு முக்கியக் காரணம்.

கரீபியன் கடல் கற்றுக்கொண்ட பாடம்

மேய்பவர்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கண்முன்னே ஓர் உதாரணம் இருக்கிறது.

கரீபியன் கடலில் பாசியைத் தின்பதில் கிளி மீனுக்கு ஒரு கூட்டாளி இருந்தது. உடம்பெல்லாம் நீண்ட கறுப்பு முள் கொண்ட கடல் முள்ளெலி. 1983-ல் அவற்றுக்கு ஒரு நோய் வந்தது. பனாமா பக்கம் தொடங்கி, ஓராண்டுக்குள் கரீபியன் முழுக்கப் பரவி, பெரும்பாலான முள்ளெலிகளை அழித்துவிட்டது. மிச்சமிருந்த முக்கிய மேய்ப்பர் கிளி மீன்தான். அதையோ பல தீவுகளில் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டிருந்தார்கள். பாறைகளில் பாசி மண்டியது.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உள்ளிட்ட அமைப்புகள் 2014-ல் வெளியிட்ட அறிக்கை, 1970-களில் இருந்து கரீபியன் பவளங்களில் பாதிக்கும் மேல் அழிந்துவிட்டது என்றது. கிளி மீனைப் பாதுகாத்த பெர்முடா, பொனேர் போன்ற இடங்களில் பாறைகள் ஒப்பீட்டளவில் நன்றாக இருப்பதையும் சுட்டிக்காட்டியது.

பெலீஸ் நாடு 2009-லேயே கிளி மீன் பிடிக்கத் தடை விதித்தது. பொனேர் தீவு 2010-ல் தடை கொண்டுவந்தது. உலகின் பெரிய பவளப்பாறைத் தொடர்களில் ஒன்று பெலீஸில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பித்தான் பல குடும்பங்களின் வருமானமும் இருக்கிறது.

2017-ல் வந்த இன்னொரு ஆய்வு, பனாமா கடலடியில் 3,000 ஆண்டுகளாகப் படிந்திருந்த மீன் பற்களையும் பவளத் துண்டுகளையும் அடுக்கடுக்காக எடுத்து எண்ணியது. கிளி மீன் பற்கள் குறைந்த பிறகுதான் பவள வளர்ச்சியும் குறைந்தது தெரிந்தது. முதலில் போனது மீன், பின்னால் போனது பவளம்.

நம்ம மன்னார் வளைகுடாவில்?

ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை, 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் கொண்டது மன்னார் வளைகுடா. 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்கேயும் கிளி மீன்கள் உண்டு. உடம்பில் நீலப் பட்டைகள் கொண்ட ஓர் இனம் இந்தப் பக்கத்தில் நன்கு தெரிந்த ஒன்று. கரையோரப் பாறைப் பகுதிகளில் கூடு வைத்து மீன் பிடிப்பது இங்கே பல காலமாக இருக்கும் தொழில். அந்தக் கூட்டில் விழும் மீன்களில் கிளி மீனும் ஒன்று.

இந்த வளைகுடா ஏற்கெனவே நிறைய இழந்திருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறைகளையே வெட்டி எடுத்தார்கள். தீவுக்கு அரண் போல நின்ற பாறை போனதும் அலை நேராகத் தீவில் மோதியது. விளங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற 2 தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடி அருகே உள்ள வான் தீவும் சுருங்கிக்கொண்டே வந்ததால், அதைக் காப்பாற்ற 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியிருந்தது.

2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. வெட்டுவதும் நின்றது. ஆனால், வெப்பத்தைச் சட்டம் போட்டு நிறுத்த முடியவில்லை. 2016-ல் கடல்நீர் சூடேறியபோது மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன. உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்தில் இருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது.

இப்படி இறந்த பவளத்தின் மேல் அடுத்து வருவது பாசிதான். அங்கே மீண்டும் பவளம் முளைக்குமா, பாசிக்காடாகிவிடுமா என்பதைத் தீர்மானிப்பதில் மேய்கிற மீன்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

மீனைக் காப்பாற்றினால் போதுமா?

போதாது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2016 வெப்ப அலைக்குப் பிறகு கிரேட் பேரியர் ரீஃபிலும் இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளிலும் பவளம் பெருமளவு செத்தது. அதே இடங்களில் கிளி மீன்களின் எண்ணிக்கை கூடியதாக ஆய்வாளர்கள் கண்டார்கள். இறந்த பவளத்தில் பாசியும் நுண்ணுயிரிகளும் பெருக, கிளி மீனுக்குச் சாப்பாடு தாராளமானது.

அதாவது, கிளி மீன் நிறைய இருந்தாலும், கடல்நீர் கொதித்தால் பவளம் சாகத்தான் செய்யும். இந்த மீன் வெப்பத்தை நிறுத்தாது. அடிபட்ட பாறை மீண்டு வர இடத்தைச் சுத்தம் செய்து வைக்கும், அவ்வளவுதான். 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டிருக்கும் நிலையில், அந்த வேலைக்கே மதிப்பு அதிகம். இரண்டு வெப்ப அலைகளுக்கு நடுவே பாறைக்குக் கிடைக்கும் அவகாசம் குறைந்துகொண்டே வருகிறது.

நாம் என்ன செய்யலாம்?

கிளி மீனை விற்பவரிடம் சண்டைக்குப் போவது தீர்வாகாது. கூட்டில் விழுந்ததை விற்றுத்தான் ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. ஆனால், நமக்குச் சாப்பிட மீனுக்கா பஞ்சம்? சாளை, அயிலை, நெத்திலி என்று பவளப்பாறையை நம்பாத மீன்கள் நம்ம மார்க்கெட்டில் நிறைய இருக்கின்றன, விலையும் குறைவு. கிளி மீனைக் கேட்டு வாங்குபவர்கள் குறைந்தாலே, அதைத் தேடிப் பிடிப்பதும் குறையும்.

மாலத்தீவுக்கோ, அந்தமானுக்கோ, லட்சத்தீவுக்கோ டூர் போகிறவர்கள், ஹோட்டல் மெனுவில் கிளி மீன் இருந்தால் வேறு மீனைக் கேட்கலாம். கடலில் இறங்கும்போது பவளத்தின் மேல் கால் வைக்காமல் இருக்கலாம்.

அப்படி ஸ்நார்க்கெல் போட்டு இறங்கினால், ஒரு நிமிடம் கை, காலை ஆட்டாமல் மிதந்து பாருங்க. தண்ணீருக்குள் ‘கறுக் கறுக்’ என்று முறுக்கு கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். பக்கத்தில் எங்கோ ஒரு கிளி மீன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. நீங்கள் திரும்பி வந்து காலை வைக்கப்போகும் மணல் அங்கேதான் தயாராகிக்கொண்டிருக்கிறது.